ஏவியவரும் இயற்றியவரும்

ஒரு செயலைச் செய்யுமாறு ஒருவர் பணிக்கின்றார். மற்றொருவர் அதனைத் தம் கையால் செய்து முடிக்கின்றார். அச்செயலின் வினைப்பயன் யாரைச் சாரும்? பணித்தவரையா, செய்தவரையா, இருவரையுமா?

இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடுவது அன்று. நம் இல்லறத்தாருள் பெரும்பாலோர் பிறருடைய ஏவலின் கீழ்ப் பணியாற்றியே பொருளீட்டுகின்றனர். "மேலிடத்து உத்தரவு, நான் என் செய்வேன்?" என்னும் சொல்லை நாம் அன்றாடம் கேட்கின்றோம், சொல்லவும் செய்கின்றோம். அச்சொல் வினைக்கட்டிலிருந்து நம்மைக் காக்குமா என்பதே இங்கு ஆராயற்பாலது.

இதனை ஆராய்வதற்கு ஒரு தொழிலை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அமெரிக்க நாட்டில் 'இயன்முறை மருத்துவ உதவியாளர்' என்றொரு தொழில் உண்டு. ஏவுபவர் யார், இயற்றுபவர் யார் என்பதைச் சட்டமே கோடு கிழித்துப் பிரித்து வைத்திருக்கும் தொழில் அது. அந்நாட்டில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் இப்பயிற்சியை நாடும்போது பெரியோர்க்கு இரு ஐயங்கள் எழுதல் இயல்பு. பிறர் ஏவலைச் செய்யும் துணைத்தொழில் மதிப்புடையதா என்பது ஒன்று. கூலி பெற்றுச் செய்யும் தொண்டு அறமாகுமா என்பது மற்றொன்று. இவ்விரு ஐயங்களுக்கும் மேற்கண்ட வினாவிலேயே விடை அடங்கியுள்ளது.

தொழிலும் பயிற்சியும்

நோயாலோ விபத்தாலோ முதுமையாலோ உடலியக்கம் குன்றியவர்க்குப் பயிற்சி, கைத்தொடுகை, வெப்பம், மின்தூண்டல் முதலியவற்றால் இயக்கத்தை மீட்டுத் தருவது இயன்முறை மருத்துவம். 'பிசியோதெரபி' என்று நாம் வழங்குவது இதனையே. முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்காக 1918-ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவ மருத்துவமனைகளில் பெண்கள் இப்பணிக்கு அமர்த்தப்பட்டனர். அவர்களுள் முன்னோடியான மேரி மக்மில்லன் அம்மையார் தலைமையில் 1921-இல் இத்தொழிலோர் சங்கம் ஒன்று தோன்றியது. பின்னர் இளம்பிள்ளை வாதம் அந்நாட்டை அலைக்கழித்தது. 1952-இல் மட்டும் ஏறத்தாழ 58,000 பேர் அந்நோய்க்கு ஆளாயினர். 1965-இல் முதியோர்க்கான 'மெடிகேர்' என்னும் அரசு மருத்துவக் காப்பீடு சட்டமாயிற்று. சிகிச்சை வேண்டுவோர் பெருகினர். மருத்துவர் எண்ணிக்கை போதவில்லை. இந்நிலையில்தான் 1967-இல் அச்சங்கம் 'உதவியாளர்' என்னும் தனித்தொழிலை ஏற்றது. மயாமி நகரிலும் மினியாபொலிஸ் நகரிலும் இருந்த இரு கல்லூரிகள் பயிற்சியைத் தொடங்கின. 1969-இல் முதல் அணி மாணவர் தேறி வெளிவந்தனர்.

இன்று இப்பயிற்சி ஏறத்தாழ இரண்டாண்டுக் காலம், பெரும்பாலும் ஐந்து பருவங்களாக நடைபெறுகின்றது. பொதுமக்கள் வரியால் இயங்கும் சமுதாயக் கல்லூரிகளும், தனியார் நடத்தும் தொழிற்கல்விக் கல்லூரிகளும் இதனை அளிக்கின்றன. உடற்கூற்றியல், உடலியங்கியல், அசைவியல், நரம்பியல், நோயியல், நோயாளியிடம் உரையாடும் முறை, தொழில் நன்னெறி ஆகியவை பாடங்கள். செய்முறை வகுப்பில் மாணவர் ஒருவர்க்கொருவர் நோயாளியாகக் கிடந்து பயில்கின்றனர். மூட்டின் அசைவைக் கோணமானியால் அளப்பது, இடையில் பட்டை கட்டிப் பிடித்து நடத்துவது, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு இடம் மாற்றுவது ஆகிய அனைத்தையும் முதலில் தம் உடலில் பிறர் செய்யக் கண்ட பிறகே பிறர் உடலில் செய்கின்றனர். தன் உடலை அளவுகோலாகக் கொண்டு பிற உயிரின் துன்பத்தை உணர்க என்னும் நம் அறத்தின் முதற்பாடம் அங்கு அன்றாடப் பயிற்சியாக அமைந்திருப்பது கருதத்தக்கது. இறுதியில் ஏறத்தாழப் பதினாறு வாரம் மருத்துவமனைகளிலும் முதியோர் பராமரிப்பு இல்லங்களிலும் நேரடிப் பயிற்சி உண்டு. அதன்பின் நாடளாவிய தேர்வில் தேறியே உரிமம் பெறவேண்டும்.

உதவியாளர்க்குரிய எல்லையும் தெளிவானது. நோயாளியை முதலில் ஆராய்வதும், குறையை மதிப்பிடுவதும், சிகிச்சைத் திட்டத்தை வகுப்பதும் இயன்முறை மருத்துவரின் கடமை. அத்திட்டத்தைச் செயற்படுத்துவது உதவியாளர் கடமை. திட்டத்துக்குள் அடங்கிய பயிற்சியின் அளவை நோயாளியின் நிலைக்கேற்பக் கூட்டலாம், குறைக்கலாம். திட்டத்தையே மாற்றுதல் கூடாது. மாறுதல் வேண்டுமெனத் தோன்றினால் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். ஆகவே அறிவு ஒருவருடையது, கை மற்றொருவருடையது என்று மேலோட்டமாகக் காண்போர்க்குத் தோன்றும்.

நூற்றெட்டு வாயில்

வினை வந்து சேரும் வாயில்களைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் உமாசுவாமி ஆசாரியர் வகுத்துரைக்கின்றார். மனம், மொழி, மெய் என மூன்று. செய்யத் துணிதல், அதற்கு வேண்டுவன திரட்டல், செய்யத் தொடங்குதல் என மூன்று. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் என மூன்று. வெகுளி, செருக்கு, மாயை, பற்றுள்ளம் என்னும் கஷாயங்கள் நான்கு. இவற்றை ஒன்றோடொன்று பெருக்க நூற்றெட்டு வகையாகும். செபமாலையில் நூற்றெட்டு மணிகள் அமைந்தமைக்கு இதனையே காரணமாகக் கூறுவர்.

இப்பகுப்பில் நாம் ஊன்றிக் காணவேண்டியது ஒன்று உண்டு. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றும் தனித்தனி வாயில்களாக எண்ணப்பட்டுள்ளன. செய்வித்தவர் ஒருவர் இருப்பதனால் செய்தவரின் வாயில் அடைபட்டுவிடுவதில்லை. செய்தவர் வேறொருவர் என்பதனால் செய்வித்தவர் தப்பிவிடுவதும் இல்லை. ஒரு கடனை இருவர் பங்கிட்டுக்கொள்வது போல வினையைப் பாதி பாதியாகப் பகுத்துக்கொள்ளவும் இயலாது. அவரவர் உள்ளத்தின் தன்மைக்கேற்ப அவரவர்க்குத் தனித்தனியே வினை கட்டுகின்றது. அமிர்தசந்திர ஆசாரியர் தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில் இதனை மேலும் விரிக்கின்றார். ஒருவர் செய்த கொலையின் பயனைப் பலர் துய்ப்பதும், பலர் கூடிச் செய்ததன் பயனை ஒருவரே துய்ப்பதும் உண்டு என்பது அவர் காட்டும் நுட்பம். அரசன் ஏவப் படை போரிடுவதை எண்ணினால் இது விளங்கும்.

எனவே, "திட்டம் அவருடையது, கை மட்டுமே என்னுடையது" என்று உதவியாளர் கூறுவாராயின், நம் நூல்கள் அதனை ஏற்கமாட்டா. கையோடு உள்ளமும் அங்கு உடனிருக்கின்றது. இதனை இரு நிகழ்ச்சிகளில் பொருத்திக் காண்போம்.

நோவும் கொலையும்

முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டவர் ஒருவர் இருக்கின்றார் எனக் கொள்வோம். மடக்காமல் விட்டுவிட்டால் மூட்டைச் சுற்றித் தழும்பு இறுகிக் கால் விறைத்துவிடும். நாற்காலியில் அமர்வதும் படியேறுவதும் கடினமாகும். ஆகவே அறுவை முடிந்த ஓரிரு நாளிலேயே காலை மடக்கத் தொடங்குகின்றனர். உதவியாளர் கணுக்காலைப் பிடித்து மெல்ல மெல்ல மடக்குகின்றார். நோயாளி பல்லைக் கடிக்கின்றார், சிலர் அழுகின்றனர். நோவு தருகின்ற இக்கை ஹிம்சை செய்யும் கையா?

கஷாய வசப்பட்ட அசட்டையினால் உயிர்க்கு ஊறு விளைத்தலே ஹிம்சை என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் இலக்கணம். நோவு என்னும் புறநிகழ்ச்சியை மட்டும் கண்டு ஹிம்சை என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. பூஜ்யபாத சுவாமிகள் சர்வார்த்த சித்தியில் இதற்கோர் அரிய எடுத்துக்காட்டுத் தருகின்றார். பேரருள் நிறைந்த மருத்துவர் ஒருவர் துறவியின் உடலில் எழுந்த கட்டியை அறுக்கின்றார். துன்பம் விளைகின்றது, ஆயினும் அப்புறக்காரணம் ஒன்றினாலேயே அவர்க்குப் பாவம் கட்டுவதில்லை என்கின்றார் அவர்.

ஆனால் இவ்விளக்கத்தை நாம் போர்வையாகக் கொள்ளலாகாது. அருளும் விழிப்பும் இருத்தல் அங்கு நிபந்தனை. அதே முழங்காலை அதே அளவு மடக்கும் இருவருள் ஒருவர் நோயாளியின் முகத்தை நோக்கியவாறு மடக்குகின்றார். மூச்சு மாறுவதையும், மூட்டு வெதும்புவதையும், கெண்டைக்காலில் புதிதாக எழுந்த வீக்கத்தையும் காண்கின்றார். அவ்வீக்கம் குருதி உறைவின் அறிகுறியாகலாம் என்று பயிற்சியில் கற்றதை நினைவுகூர்ந்து அங்கேயே நிறுத்தி மருத்துவருக்குத் தெரிவிக்கின்றார். மற்றொருவர் கடிகாரத்தை நோக்கியவாறு, "இன்று இத்தனை பாகை என்று எழுதியிருக்கின்றது" என்று மடக்கி முடிக்கின்றார். ஏவல் ஒன்றே, கையின் அசைவும் ஒன்றே. ஒருவர் செய்தது அகிம்சை. மற்றவர் செய்தது பிரமாதம் என்னும் அசட்டை. திட்டம் வகுத்த மருத்துவர் அப்பொழுது அவ்வறையில் இல்லாமலும் இருக்கலாம். விழித்திருக்க வேண்டிய கண்கள் உதவியாளருடையவை. அந்த நேரத்தில் நோயாளியின் உயிர்க்கு அரண் ஏவியவர் அல்லர், இயற்றுபவரே ஆவர்.

அகிம்சை அணுவிரதத்துக்குரிய ஐந்து அதிசாரங்களுள் அளவுக்கு மீறிய பாரம் ஏற்றுதல் ஒன்று. வண்டிமாட்டின் மீது ஏற்றும் சுமையையே நாம் இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறி வருகின்றோம். தளர்ந்த தசைக்குத் தாங்காத எடையைக் கட்டிப் பயிற்சி செய்விப்பதும் இதனுள் அடங்கும். ஒரே உதவியாளர் தலையில் தாங்கவொண்ணாத எண்ணிக்கையில் நோயாளிகளைச் சுமத்தும் நிர்வாகத்தார்க்கும் இவ்வதிசாரம் உண்டு என்பதை மறத்தலாகாது.

நிமிடக் கணக்கும் பொய்யெழுத்தும்

இரண்டாவது நிகழ்ச்சி இன்னும் கடினமானது. ஏனெனில் இங்கு ஏவலே குற்றமுடையதாகின்றது.

2019 அக்டோபருக்கு முன்னர் அமெரிக்க முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கு மெடிகேர் காப்பீடு வழங்கிய தொகையில் பெரும்பகுதி, ஒருவர்க்கு ஒரு வாரத்தில் எத்தனை நிமிடம் சிகிச்சை அளிக்கப்பட்டது என்பதைப் பொறுத்திருந்தது. வாரத்துக்கு 720 நிமிடமும் அதற்கு மேலும் அளித்தால் மிகவுயர்ந்த படித்தரம். இதன் விளைவை ஊகிப்பது எளிது. நோயாளிக்கு எவ்வளவு வேண்டும் என்பதைவிட எவ்வளவு எழுதலாம் என்பதே சில இடங்களில் கணக்காயிற்று. 2016-ஆம் ஆண்டில் இத்தகைய ஒப்பந்தச் சிகிச்சை நிறுவனம் ஒன்று, அரசு தொடுத்த வழக்கின் தீர்வாக 12 கோடியே 50 லட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது. உறங்கிக் கிடந்தவர்க்கும், பயிற்சியால் பயன்பெற இயலாத நிலையில் இருந்தவர்க்கும் சிகிச்சை அளித்ததாக எழுதப்பட்டது என்பது அரசு தரப்புக் குற்றச்சாட்டுகளுள் ஒன்று. 2019 அக்டோபரில் நிமிடக் கணக்கை ஒட்டிய அம்முறை கைவிடப்பட்டது. ஆயினும் 'இன்று இத்தனை பேர், இத்தனை நேரம்' என்னும் நெருக்கடி பணியிடங்களை விட்டு நீங்கிவிட்டதாகக் கொள்ள இயலாது.

இங்கு எழுதுகோல் யார் கையில் உள்ளது? பலவிடங்களில் உதவியாளர் கையில். "நாற்பது நிமிடம் என்று எழுது" என்று மேலாளர் சொல்கின்றார். நோயாளியோ பதினைந்தாம் நிமிடத்திலேயே களைத்து உறங்கிவிட்டார். எழுதாவிடில் வேலை போகலாம். கல்விக்கடன் தலைக்குமேல் நிற்கின்றது. நம் ஆசாரியர்கள் இதனைக் காணவில்லை; ஆயினும் இதற்குப் பெயரிட்டு வைத்துள்ளனர். சத்திய அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் 'கூடலேகக்கிரியை', அதாவது பொய்யாவணம் எழுதுதல், ஒன்று. அசௌரிய அணுவிரதத்தின் அதிசாரங்களுள் அளவையைக் கூட்டியும் குறைத்தும் காட்டுதல் ஒன்று. நாழியும் துலாக்கோலும் வணிகர்க்கு அளவையாவது போல, நிமிடம் இத்தொழிலோர்க்கு அளவை. குறைந்த நிமிடத்தை மிகுத்து எழுதுதல் கள்ள மரக்காலால் அளப்பதற்கு ஒப்பாகும்.

மேலாளர்க்குச் செய்வித்த வினை. எழுதியவர்க்குச் செய்த வினை. பக்கத்து அறையில் இருந்துகொண்டு, "எல்லோரும் செய்வதுதானே" என்று தலையசைத்தவர்க்கு உடன்பட்ட வினை. அந்நாட்டுச் சட்டமும் நன்னெறி விதிகளும் இத்தகைய செயலில் உதவியாளரையும் பொறுப்பாளியாகவே கருதுகின்றன. நம் நூல்கள் அதற்கும் ஒருபடி மேலே சென்று, தலையசைத்தவரையும் கணக்கில் சேர்க்கின்றன.

மறுத்தல் எளிதென்று எவரும் கூற இயலாது. அதனால்தான் விரதம் என்பது இடர் வருமுன்னே ஏற்றுக்கொள்ளப்படுகின்றது. பசித்த பின்னர் உணவின் தூய்மையை ஆராய்வது கடினம். அதுபோல ஏவல் வந்த பின்னர் எல்லை வகுப்பதும் கடினம். "நடந்ததையே எழுதுவேன்" என்னும் உறுதியைப் பயிற்சிக் காலத்திலேயே மேற்கொண்டவர்க்கு, நெருக்கடி வரும் நாளில் சிந்திக்க வேண்டுவது குறைவாக இருக்கும். நோயாளி தம்மிடம் நம்பிக் கூறியதை வெளியிடாமையும் இவ்வுறுதியோடு சேர்த்து மேற்கொள்ளற்பாலது. மறைபொருளைப் புறத்தே உரைத்தலும் சத்திய விரதத்தின் அதிசாரமே.

கல்வி நிலையத்தாரின் பங்கு

செய்வித்தவரின் வினையைப் பற்றிப் பேசும்போது கல்லூரி நடத்துவோரையும் கருதவேண்டும். தனியார் தொழிற்கல்விக் கல்லூரிகளுள் நேர்மையாக நடப்பன உண்டு. மாலையிலும் வார இறுதியிலும் வகுப்பு நடத்தி, குடும்பச் சுமை தாங்குவோர்க்கு வழிகாட்டுவன உண்டு. வேலைவாய்ப்பைப் பற்றி மிகைபடக் கூறி மாணவரைக் கடனில் ஆழ்த்தியவையும் உண்டு. கொரிந்தியன் கல்லூரிகள் என்னும் பெருநிறுவனம் 2015-இல் மூடப்பட்டது. அதன் மாணவராயிருந்த ஏறத்தாழ 5,60,000 பேரின் எஞ்சிய அரசுக் கடன் 580 கோடி டாலரைத் தள்ளுபடி செய்வதாக அந்நாட்டுக் கல்வித்துறை 2022-இல் அறிவித்தது. கடன் நீங்கினாலும் இழந்த ஆண்டுகள் மீள்வதில்லை. நம்பி வந்தவரை வஞ்சித்தல் மாயை என்னும் கஷாயம். அவர் பொருளை விரும்புதல் பற்றுள்ளம். மாணவரைச் சேர்க்கும் பணியாளர், "நிறுவனம் சொல்லச் சொன்னதைச் சொன்னேன்" என்று கூறினாலும் மேற்கூறிய நியதியே அவர்க்கும் பொருந்தும்.

ஆகவே இப்பயிற்சியில் பிள்ளைகளைச் சேர்ப்போர் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுதல் இன்றியமையாதது. இயன்முறை மருத்துவக் கல்விக்குரிய ஏற்பளிப்பு ஆணையம் அப்பாடத்திட்டத்தை ஏற்றிருக்கவேண்டும். கல்லூரிக்குப் பொது ஏற்பு இருந்தால் போதாது. இப்பாடத்திட்டத்துக்கே ஏற்பு இருத்தல் வேண்டும். அதில்லாத இடத்தில் பயின்றவர் உரிமத் தேர்வு எழுத இயலாது போகும். எத்தனை பேர் படிப்பை முடித்தனர், எத்தனை பேர் தேர்வில் தேறினர் என்னும் விவரங்களை ஏற்புபெற்ற நிலையங்கள் வெளியிடவேண்டும் என்பது விதி. கேட்டறிந்து சேர்தல் நற்காட்சியோடு கூடிய அறிவாகும்.

கூலியும் தொண்டும்

இனி இரண்டாம் ஐயத்துக்கு வருவோம். கூலி பெற்றுச் செய்யும் இப்பணியை 'வையாவிருத்தியம்' எனலாமா?

வையாவிருத்தியம் அகத்தவம் ஆறனுள் ஒன்று. ஆசாரியர், உபாத்தியாயர், தபசிகள் முதலாகப் பதின்மர்க்குச் செய்யும் தொண்டாக அது கூறப்படுகின்றது. நோயுற்ற துறவியும் அப்பதின்மருள் ஒருவர். சமந்தபத்திர சுவாமிகள் இரத்னகரண்டக சிராவகாசாரத்தில் இதனை இல்லறத்தார்க்குரிய சிட்சாவிரதமாக வைத்து, இடர் களைதலோடு கால் பிடித்துவிடுதலையும் வெளிப்படையாகக் குறிப்பிடுகின்றார். கைகொண்டு உடலுக்குச் செய்யும் தொண்டு நம் நூல்களில் எத்துணை உயர்ந்த இடம் பெற்றுள்ளது என்பதற்கு இது சான்று. ஆயினும் அது குணத்தின்பால் கொண்ட அன்பினால், கைம்மாறு கருதாது செய்வது. கூலிக்குச் செய்வதை அப்பெயரால் அழைத்தல் சொல்லை மலிவாக்குவதாகும். நேர்மையாகக் கூறின், இது தொழில். ஆதிபகவன் மக்களுக்கு வகுத்தளித்த அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிகம், சிற்பம் என்னும் ஆறனுள் வித்தையும் சிற்பமும் கலந்த தொழில். இல்லறத்தான் நேர்வழியில் பொருளீட்டுதல் குற்றமன்று.

ஆயினும் தொழிலுக்குள்ளேயே அறம் புகுவதற்குக் கதவு உண்டு. சிறுநீர் கழிந்த ஆடையுடன் கிடக்கும் முதியவரை முகஞ்சுளிக்காது தூக்கி நிறுத்துவதற்குக் கூலிப்பட்டியலில் தனித்தொகை இல்லை. நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் அருவருப்பின்மை மூன்றாவது. நோயுற்ற முனிவர் உருவில் வந்த தேவன் தன்மேல் உமிழ்ந்தபோதும் வெறுப்புறாது கழுவித் தொண்டு செய்த உத்தாயண மன்னனை இதற்கு எடுத்துக்காட்டாக இரத்னகரண்டகமும், அதனை ஒட்டித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் போற்றுகின்றன. கூலி கைக்குரியது, அருவருப்பின்மையும் கருணையும் உள்ளத்துக்குரியவை. முன்னதற்கு நிர்வாகம் பணம் தருகின்றது. பின்னவற்றின் பயன் உயிரோடு நிற்கின்றது. 2022 முதல் மெடிகேர் காப்பீட்டின் ஒரு பிரிவில், உதவியாளர் ஆற்றிய சிகிச்சைக்கு வழக்கமான தொகையில் 85 விழுக்காடே தரப்படுகின்றது. விலையை அவ்வாறு வகுக்கலாம். வினைப்பயனுக்கு விழுக்காடு வகுப்பார் எவரும் இலர்.

நடப்பவர் நோயாளியே

வேறொரு கருத்தையும் இங்கு எண்ணுதல் நலம். நோய் அசாதாவேதனீய வினையின் உதயமாயின், அதனை நீக்க முற்படுவோர் செய்வது என்ன? உதவுவோர் நிமித்த காரணமாக நிற்கின்றார். உபாதான காரணம் அவ்வுயிரே. இத்தொழிலைப் போல இவ்வுண்மையைக் கண்முன் காட்டுவது அரிது. பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவரை இரு கம்பிகளுக்கிடையே நிறுத்தி, இடைப்பட்டையைப் பற்றி உதவியாளர் உடன் நிற்கின்றார். எவ்வளவு வல்லவராயினும் அவர்க்காக இவர் அடியெடுத்து வைக்க இயலாது. விழாமல் காக்கலாம், வழி சொல்லலாம், தளர்ந்தபோது தேற்றலாம். அடி அவருடையது. தீர்த்தங்கரரும் நெறியைக் காட்டி அருள்கின்றனரே அன்றி, எவரையும் தூக்கிச் சென்று வீட்டுலகில் வைப்பதில்லை. உயிர்கள் ஒன்றுக்கொன்று துணையாதல் அவற்றின் இயல்பு என்று உரைத்த நம் அறமே, ஒவ்வோர் உயிரும் தன் முயற்சியாலேயே உயர்கின்றது என்றும் உரைக்கின்றது. இவ்விரண்டும் முரண்பட்டவை அல்ல என்பதை அக்கம்பிகளுக்கிடையே காணலாம்.

முதல் ஐயத்துக்கும் இதில் விடையுண்டு. துணை நிற்றல் தாழ்வாகாது. தனக்குரிய எல்லையை அறிந்து அதற்குள் நிற்றல் விநயம். அதுவும் அகத்தவம் ஆறனுள் ஒன்றே. அறியாததை அறிந்ததாகக் காட்டாது மருத்துவரிடம் தெரிவித்தல் செருக்கின்மை. ஏவல் தவறாயின் பணிவோடு மறுத்தல் உறுதி. இம்மூன்றும் கூடிய உதவியாளர், இவை இல்லாத மருத்துவரினும் உயர்ந்தவரே.

ஆகவே அன்பர்கள், பிள்ளைகள் எத்தொழிலை மேற்கொள்ளினும், "யார் கீழ் வேலை?" என்று வினவுவதை விட்டு, "அங்கே உன் கை எதனைச் செய்கின்றது? அப்பொழுது உன் உள்ளம் எங்கு இருக்கின்றது?" என்று வினவுதல் வேண்டும். ஏவியவர் தம் வினைக்கு விடை கூறுவார். இயற்றியவர் தம் வினைக்குத் தாமே விடை கூறவேண்டும். இவ்வுணர்வோடு தொழில் செய்பவர் எவரேனும் அவர் பணியிடமே அவர்க்கு விரதத்தலம் ஆகும்.

அறம் வளர்க! அருள்நெறி ஓங்குக!